பர்ஜெஸ் கேட்ட கேள்வி, செங்ஜியாங் சொன்ன பதில்

விலங்குகளின் தொடக்க வரலாற்றை எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் மலைகள் இரண்டு. ஒன்று, கனடாவின் ராக்கி மலைத்தொடரில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் யோஹோ தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பர்ஜெஸ் ஷேல். மற்றது, சீனாவின் யுன்னான் மாகாணத்தில் குன்மிங் நகருக்குத் தென்கிழக்கே, ஃபுசியான் ஏரிக்கு அருகில் உள்ள மாவோதியன் குன்று. ஆய்வுலகில் இதற்குச் செங்ஜியாங் என்ற ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது. இரண்டிலும் கிடைப்பவை கேம்பிரியன் காலத்துக் கடல் விலங்குகள். பர்ஜெஸின் வயது சுமார் 50.8 கோடி ஆண்டு. செங்ஜியாங்கின் வயது சுமார் 51.8 கோடி ஆண்டு.

புதைபடிவம் என்றாலே எலும்பு, பல், ஓடு என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். செத்த உடலில் சதை முதலில் அழுகிவிடும். கெட்டியான உறுப்புகள்தான் கல்லில் தங்கும். இந்த இரண்டு மலைகளிலும் அந்த வழக்கம் செல்லாது. கண், செவுள், குடல், கால் நுனியின் நகம் வரை பதிந்திருக்கின்றன. ஓடே இல்லாத புழுக்களும் முழு உடலோடு கிடைக்கின்றன. கேம்பிரியன் கடலில் வாழ்ந்தவற்றில் பெரும்பங்கு மெல்லுடல் கொண்டவை. இத்தகைய இடங்கள் அகப்பட்டிருக்காவிட்டால், அந்தக் கடல் நமக்கு ட்ரைலோபைட்டுகள் என்ற ஓட்டுக் கணுக்காலிகளும் சில சிப்பிகளும் மட்டுமே உலவிய வெறுங்கடலாகத் தோன்றியிருக்கும்.

இவ்விரண்டையும் பற்றிப் பேச்சு வந்தால் எது மூத்தது, எதில் இனங்கள் அதிகம் என்ற போட்டியாகவே அது முடிகிறது. வயதில் செங்ஜியாங் ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டு மூத்தது, புகழில் பர்ஜெஸ் முக்கால் நூற்றாண்டு மூத்தது என்பதோடு அந்தப் போட்டியை முடித்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது இவற்றுக்கு இடையே உள்ள உறவை. பழைய நூல்களில் மூலமும் உரையும் போல இவை ஒன்றையொன்று விளக்குகின்றன. எது மூலம், எது உரை என்பது மட்டும் கேள்விக்குக் கேள்வி மாறுகிறது.

கண்டெடுத்த கதைகள்

பர்ஜெஸின் கதை ரயில் பாதையில் தொடங்குகிறது. கனடிய பசிபிக் ரயில்வே ராக்கி மலைகளைக் கடந்தபோது, ஃபீல்டு என்ற சிற்றூருக்கு மேலே உள்ள ஸ்டீபன் மலையில் ட்ரைலோபைட் கற்கள் ஏராளமாகக் கிடப்பது வெளியே தெரிந்தது. 1886இல் கனடாவின் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ரிச்சர்ட் மெக்கானல் அங்கே ஏறிச் சேகரித்தார். அந்த மலையில் கிடைத்த, இறாலின் உடல் போன்ற ஒரு துண்டுக்கு 1892இல் ஜோசப் வைட்டீவ்ஸ் அனோமலோகாரிஸ் என்று பெயரிட்டார். அது ஒரு பெரிய வேட்டை விலங்கின் முன்கை மட்டுமே என்பது விளங்கப் பிறகு 90 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவராக இருந்த சார்லஸ் வால்காட், 1909 ஆகஸ்ட் இறுதியில் வாப்தா மலைக்கும் ஃபீல்டு மலைக்கும் இடைப்பட்ட முகட்டுச் சரிவில் மெல்லுடல் படிவங்களைக் கண்டார். அவர் மனைவியின் குதிரை கால் இடறிப் புரட்டிய கல்லில் முதல் படிவம் இருந்தது என்றொரு கதை வெகுகாலம் உலவியது. வால்காட்டின் நாட்குறிப்பு அந்தக் கதைக்கு இடம் கொடுக்கவில்லை என்று தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் பின்னர் காட்டினார். கேம்பிரியன் பாறைகளிலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர், தேட வேண்டிய இடத்தில் தேடினார் என்பதே உண்மைக்கு நெருக்கமானது. அடுத்த ஆண்டு முதல் பல கோடைகாலங்கள் குடும்பத்தோடு வந்து, கடப்பாரையும் வெடிமருந்தும் கொண்டு சரிவைப் பெயர்த்து 65,000க்கும் மேற்பட்ட மாதிரிகளை வாஷிங்டனுக்குக் கொண்டுபோனார்.

செங்ஜியாங்கும் அந்தக் காலத்தில் முற்றிலும் அறியாத இடமாக இருக்கவில்லை. வால்காட் ராக்கி மலையில் தோண்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இந்தோசீனாவில் பணியாற்றிய பிரெஞ்சுப் புவியியலாளர்கள் கிழக்கு யுன்னானின் கேம்பிரியன் படிவங்களை ஆராய்ந்து நூலாக்கினார்கள். ஆனால் மெல்லுடல் விலங்குகள் அகப்பட்டது 1984 ஜூலை 1 அன்று. நான்ஜிங் புவியியல், தொல்லுயிரியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹோவ் சியான்குவாங், பயறு அளவே உள்ள இருவோட்டு உயிர்களைத் தேடி மாவோதியன் குன்றில் கல் பிளந்துகொண்டிருந்தார். பிளந்த கல் ஒன்றில், கால்களும் பதிந்த ஒரு விலங்கு இருந்தது. நராவோயா என்ற அந்த மெல்லோட்டுக் கணுக்காலியை அவரால் அடையாளம் காண முடிந்ததற்குக் காரணம், 1912இல் வால்காட் பர்ஜெஸிலிருந்து அதே விலங்கை விவரித்து எழுதியிருந்ததுதான். 1985இல் ஆசியாவில் நராவோயா கிடைத்ததை அறிவித்த கட்டுரை வழியாகத்தான் செங்ஜியாங் உலகுக்கு அறிமுகமானது.

ஆக, முதல் கடன் செங்ஜியாங்கின் பக்கம். பர்ஜெஸ் இல்லையென்றால் அன்று கையில் அகப்பட்டது என்னவென்று சொல்ல ஆளிருந்திருக்காது.

கல்லின் குணம்

இரண்டிலும் நடந்தது அடிப்படையில் ஒன்றே. நுண்ணிய சேறு திடீரென வந்து மூடியது. காற்றோட்டம் இல்லாத அந்தச் சேற்றில் அழுகல் தடைபட்டது. அதற்குப் பிறகு கற்கள் பட்ட பாடுதான் வேறு வேறு.

பர்ஜெஸ் விலங்குகள் புதைந்தது, கடலுக்கடியில் செங்குத்தாக நின்ற சுண்ணாம்புப் பாறைச் சுவரின் அடிவாரத்தில். சேற்றுப் பெருக்கு அவற்றைப் புரட்டிச் சென்று புதைத்தது. அதனால் ஒரே இனம் மேலிருந்து பார்த்தபடியும், பக்கவாட்டிலும், சாய்ந்தும் பதிந்திருக்கிறது. பின்னர் அந்தப் பாறை நிலத்தடியில் ஆழத்துக்குப் போய் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, ராக்கி மலைகள் எழுந்தபோது அவற்றோடு மேலே வந்தது. இன்று கையில் எடுத்தால் கரும்பலகை நிறத்தில், கெட்டியாக இருக்கிறது. விலங்கின் உடல் அதன் மேல் மெல்லிய கரிப்படலம். அதன் சில பகுதிகளில் வெள்ளி போல மின்னும் தாதுப்பூச்சு. கறுப்பின் மேல் கறுப்பு என்பதால் நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

செங்ஜியாங்கின் கடல் ஆழம் குறைந்தது. ஆற்றுமுகத்துக்கு அருகே, வெள்ளமும் புயலும் அடித்து வந்த சேறு படிந்த இடம் என்று அண்மை ஆய்வுகள் சொல்கின்றன. அந்தப் பாறை பர்ஜெஸ் அளவுக்கு வேகவில்லை. உடலோடு சேர்ந்து படிந்த பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாது, பிற்காலத்தில் யுன்னானின் மழையில் துருவாக மாறியது. எனவே வெளிர் மஞ்சள் களிக்கல்லின் மேல் செம்பழுப்பு நிறத்தில் விலங்கு எழுந்து நிற்கிறது. கல்லும் இலகுவாகப் பிளக்கிறது.

இந்த வேறுபாடு ஆய்வு முறையையே வேறாக்கியது. 1960களின் இறுதியில் பர்ஜெஸை மறு ஆய்வுக்கு எடுத்த கேம்பிரிட்ஜின் ஹாரி விட்டிங்டன், நுண்ணோக்கியின் கீழ் சிறு துளைக்கருவியால் படலம் படலமாகச் செதுக்கி, மேலிருக்கும் ஓட்டை நீக்கி அடியில் உள்ள காலைக் கண்டார். பல கோணங்களில் கிடைத்த மாதிரிகளைச் சேர்த்து முழு உருவம் வரைந்தார். டெரெக் பிரிக்ஸ், சைமன் கான்வே மோரிஸ் ஆகிய மாணவர்களும் அதே வழியில் சென்றார்கள். செங்ஜியாங்கிலோ நிறவேறுபாடே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அருகிலிருக்கும் ஏரியின் பெயரைத் தாங்கிய ஃபுசியான்ஹுயா என்ற கணுக்காலியில் மூளையின் தடத்தை 2012இல் விவரித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இதயமும் இரத்தக் குழாய்களும் வந்தன.

போய்ப் பார்ப்பவருக்கு

பர்ஜெஸைத் தனியாகப் போய்ப் பார்க்க முடியாது. கனடாவின் பூங்காத் துறையோ, அனுமதி பெற்ற அறக்கட்டளையோ கோடையில் நடத்தும் வழிகாட்டியுடன் கூடிய நடைப்பயணத்தில் சேர வேண்டும். வால்காட் குவாரிக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 21 கிலோமீட்டர். 800 மீட்டருக்கு மேல் ஏற்றம். பத்து, பதினொரு மணி நேரம் பிடிக்கும். ஸ்டீபன் மலையின் ட்ரைலோபைட் படுகைக்குத் தூரம் பாதிக்கும் குறைவு. ஏற்றமோ கிட்டத்தட்ட அதே அளவு என்பதால் முழங்காலுக்குச் சோதனை அங்கேதான் அதிகம்.

குவாரிக்குச் செல்லும் பாதை டக்காக்கா அருவி இருக்கும் பள்ளத்தாக்கில் தொடங்கிக் காட்டுக்குள் ஏறி, யோஹோ ஏரியைத் தொட்டு, வாப்தா மலையின் இடுப்பை ஒட்டிச் செல்கிறது. கீழே எமரால்டு ஏரி, எதிரே பனி மூடிய சிகரங்கள். கடைசியில் சரளைச் சரிவில் செங்குத்தாக ஓர் ஏற்றம். இவ்வளவு நடந்து போய்ப் பார்ப்பது, சுமார் 2,280 மீட்டர் உயரத்தில் மலைச்சரிவை வெட்டி உண்டாக்கிய குறுகிய ஒரு திட்டையும் அதன் அடியில் குவிந்த உடைகற்களையும்தான். தெரியாதவர் அதைக் கைவிட்ட கல்குவாரி என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவார்.

வழிகாட்டி ஒரு தகட்டை எடுத்துக் கொடுத்து, சாய்த்துப் பிடிக்கச் சொல்வார். வெயில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் படும்போது மார்ரெல்லா பளிச்சென்று தெரியும். பர்ஜெஸில் மிக அதிகமாகக் கிடைக்கும் விலங்கு இதுதான். நீளம் இரண்டு சென்டிமீட்டர் அளவு. தலையிலிருந்து பின்னோக்கி வளைந்த நான்கு கொம்புகள். அவற்றின் கீழே மயிரிழை போன்ற செவுள்கள். பல மாதிரிகளில் உடலின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கறை இருக்கும். சேற்றின் அழுத்தத்தில் உடலுக்குள்ளிருந்து பிதுங்கிய திரவம் அது. சாவுக்குப் பிறகு நடந்தது என்ன என்பதையே கல் பதிந்துவைத்திருக்கிறது. பார்த்து முடித்ததும் தகட்டை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். சிறு துண்டைப் பையில் போட்டாலும் சட்டப்படி குற்றம்.

செங்ஜியாங்குக்கு உடல்வலு வேண்டியதில்லை. குன்மிங்கிலிருந்து சாலை வழியாகவே போய்விடலாம். மாவோதியன் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், யுன்னான் பீடபூமியே உயரமானது என்பதால் பார்வைக்கு அது செம்மண் நிலத்தில் எழுந்த தாழ்ந்த குன்றுதான். 512 ஹெக்டேர் பரப்புள்ள இந்த இடம் 2012இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. 2020இல் பெரிய அருங்காட்சியகம் திறந்தார்கள். மாதிரிகள் கண்ணாடிப் பேழைக்குள், விளக்கொளியில், பெயர்ப்பலகையோடு இருக்கின்றன. பர்ஜெஸ் குவாரியில் ஒரு நாள் முழுக்கக் கழித்தாலும் காணக் கிடைக்காத வகைகளை இங்கே ஒரு மதியத்தில் பார்த்துவிடலாம்.

இரண்டிலும் ஒரு குறை உண்டு. பர்ஜெஸில் மலை தெரிகிறது, விலங்குகளில் சிலவே தெரிகின்றன; சிறந்த மாதிரிகள் வாஷிங்டனிலும் டொரண்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. செங்ஜியாங்கில் விலங்குகள் தெரிகின்றன. கடலடிச் சேறு மலையாக எழுந்தது என்ற வியப்பு அங்கே காலில் உறைக்காது.

ஹலூசிஜீனியாவின் தலைகீழ் வாழ்க்கை

இரு மலைகளும் ஒன்றுக்கொன்று எப்படி உரை எழுதின என்பதற்கு ஹலூசிஜீனியாவைவிடச் சிறந்த சான்றில்லை. சில சென்டிமீட்டர் நீளமே உள்ள பர்ஜெஸ் விலங்கு. உடலின் ஒரு பக்கம் ஏழு இணை நீண்ட முட்கள். மறுபக்கம் ஒற்றை வரிசையில் மெல்லிய குழல்கள். 1977இல் கான்வே மோரிஸ் இதை விவரித்தபோது, முட்களைக் கால்களாகவும் குழல்களை முதுகின் மேல் அசையும் உறுப்புகளாகவும் வரைந்தார். கையிலிருந்த மாதிரிகளில் தெரிந்தது அவ்வளவே. முள்ளால் நடக்கும் விலங்கு எதுவும் இன்று இல்லாததால், எந்தக் கிளையிலும் சேராத தனிப்பிறவி என்று அது பெயர் பெற்றது.

இதற்கிடையே, மைக்ரோடிக்டியான் என்ற பெயரில், வலைக்கண் போன்ற சிறு தட்டுகள் உலகின் பல பகுதிகளில் தனித்தனியாகக் கிடைத்துவந்தன. எந்த விலங்கின் எந்த உறுப்பு என்று யாருக்கும் தெரியாது. 1989இல் செங்ஜியாங்கிலிருந்து முழு உடல் வெளிவந்தது. நீண்ட புழு உடல், இணை இணையாக மெத்தென்ற கால்கள், ஒவ்வொரு கால் இணைக்கும் மேலே பக்கத்துக்கு ஒன்றாகத் தட்டு. கெட்டியான உறுப்பு மேலே, மென்மையான கால் கீழே என்ற அமைப்பு கண்முன் வந்ததும், 1991இல் லார்ஸ் ராம்ஷெல்டும் ஹோவ் சியான்குவாங்கும் ஹலூசிஜீனியாவைத் திருப்பிப் போட்டார்கள். முட்கள் முதுகுக் கவசம் ஆயின. குழல்கள் கால்கள் ஆயின. ராம்ஷெல்டு பர்ஜெஸ் மாதிரியையே மேலும் செதுக்கிப் பார்த்தபோது, கல்லுக்குள் மறைந்திருந்த இரண்டாம் வரிசைக் கால்களும் வெளிப்பட்டன. தனிப்பிறவி என்று எண்ணியது, இன்றும் ஈரக்காடுகளில் வாழும் வெல்வெட் புழுக்களின் உறவினராகிவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. தலை எந்தப் பக்கம் என்ற கேள்வி மிச்சமிருந்தது. 2015இல் மார்ட்டின் ஸ்மித்தும் ஜீன்-பெர்னார்ட் கரோனும் பர்ஜெஸ் மாதிரிகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, மறுமுனையில் இரண்டு கண்களையும் பற்களையும் கண்டார்கள். தலை என்று முன்னர் எண்ணிய கறுப்பு உருண்டை, பின்புறம் பிதுங்கிய உடல் திரவம். மேல்-கீழைச் சரிசெய்தது செங்ஜியாங். முன்-பின்னைச் சரிசெய்தது பர்ஜெஸ்.

நம் பக்கத்து முன்னோர்

முதுகெலும்பு உள்ளவற்றின் கதையிலும் இதே ஏற்ற இறக்கம். வால்காட் 1911இல் புழு என்று வகைப்படுத்திய பிகாயா என்ற பர்ஜெஸ் உயிரை, 1979இல் கான்வே மோரிஸ் முதுகுநாணிகளின் பக்கம் கொண்டுவந்தார். கூல்ட் 1989இல் வெளியிட்ட நூலின் முடிவில் மனித வரலாற்றையே இந்த ஐந்து சென்டிமீட்டர் உயிரின் பிழைப்பில் தொங்கவிட்டார். கேம்பிரியன் விலங்குகளில் எவை பிழைத்தன என்பது குலுக்கல் சீட்டுப் போன்றது, வரலாற்றை மீண்டும் ஓட்டினால் வேறு விலங்குகளே வந்திருக்கும் என்பது அவர் வாதம்.

1999இல் ஷூ தேகான் குழுவினர், செங்ஜியாங் படிவங்களைச் சேர்ந்த குன்மிங் அருகே உள்ள ஹைகோவிலிருந்து இரண்டு மீன்களை அறிவித்தார்கள். அவற்றில் ஹைகோவிக்திஸ் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. உடலில் தசைக்கட்டுகள் வளைந்து மடங்கிய கோடுகளாகத் தெரிகின்றன. 2003இல் நூற்றுக்கணக்கான மாதிரிகளைக் கொண்டு அதன் தலையையும் முதுகெலும்பின் தொடக்கத்தையும் விவரித்தார்கள். பிகாயாவுக்கு ஒரு கோடி ஆண்டு முன்பே, அதைவிட முன்னேறிய மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. நம் விதியைப் பிகாயாவின் தலையில் கட்டியது செல்லாமல் போயிற்று.

பர்ஜெஸின் மறுமொழி 2014இல் வந்தது. கூட்டெனே தேசியப் பூங்காவின் மார்பிள் கேன்யன் பகுதியில் 2012இல் கண்ட புதிய பர்ஜெஸ் படுகையிலிருந்து மெட்டாஸ்பிரிகினாவின் நல்ல மாதிரிகள் கிடைத்தன. முன்பு இரண்டு தெளிவற்ற மாதிரிகளால் அறியப்பட்டிருந்த அந்த உயிர், கண்களும் இணை இணையான செவுள் வளைவுகளும் கொண்ட மீன் என்பது உறுதியாயிற்று. பின்னாளில் தாடையாக மாறிய முன் வளைவின் பூர்வநிலை அதில் தெளிவாகத் தெரிகிறது. மீன்களின் பழமையைச் சொன்னது சீனக் கல். தாடையின் தொடக்கத்துக்குச் சாட்சி சொல்வது கனடியக் கல்.

காவலும் நெருக்கடியும்

பர்ஜெஸுக்குத் தூரமும் உயரமும் பனியும் காவல். போதாததற்கு, இந்த வட்டாரத்தின் ஒரு பகுதி 1886லேயே அரசுக் காப்பிடமாக்கப்பட்டது. 1980இல் உலக மரபுத் தகுதியும் கிடைத்தது. செங்ஜியாங்குக்கு இந்த வசதி இல்லை. மக்கள் நெருங்கி வாழும் வட்டாரம். அதே கேம்பிரியன் அடுக்குகளில் உரத்துக்குப் பயன்படும் பாஸ்பேட் இருப்பதால் சுற்றிலும் சுரங்கங்கள் இயங்கின. மரபுத் தகுதி கோரிய காலத்தில் அவற்றை மூட வேண்டியிருந்தது. பேழையும் காவலும் அருங்காட்சியகமும் செங்ஜியாங்கில் கூடுதலாகத் தெரிவதற்கு இதுவே காரணம். எளிதில் போய்ச் சேரக்கூடிய இடத்துக்கு வேலி வேண்டும்.

ஒப்பிட்டதன் பயன்

ஒன்றை மட்டும் பார்க்க வாய்ப்புள்ளவர் உடல் தாங்குமானால் பர்ஜெஸுக்குப் போகலாம். கல்லின் காலமும் மலையின் அளவும் அங்கே புத்தக உதவியின்றி விளங்கும். விலங்குகளின் மேல் ஆசை கொண்டவருக்குச் செங்ஜியாங்தான். இரண்டையும் படிக்கிறவருக்குக் கிடைப்பது வேறொன்று.

பர்ஜெஸ் ஒன்றே வெளிச்சமாக இருந்த காலத்தில் அதன் விலங்குகளில் பல எந்த இனத்தோடும் ஒட்டாத விசித்திரங்களாகத் தோன்றின. ஓபபீனியா என்ற பர்ஜெஸ் விலங்கின் ஐந்து கண்களை விட்டிங்டன் முதன்முதலில் ஆய்வரங்கில் காட்டியபோது அவையில் சிரிப்பு எழுந்தது. அந்த விசித்திரத்தின் மேல்தான் கூல்ட் தன் வாதத்தைக் கட்டினார். இரண்டாவது கடல், வேறொரு கண்டத்திலிருந்து, ஒரு கோடி ஆண்டு முந்திய காலத்திலிருந்து திறந்தபோது அவற்றில் பல கணுக்காலிகளுக்கும் வெல்வெட் புழுக்களுக்கும் கிளையுறவினர் என்று தெரிந்தது. விலங்குகள் மாறவில்லை, ஒப்பிட ஆள் கிடைத்தது. இன்றும் இடம் தெரியாமல் நிற்கும் உயிர்கள் இரண்டு மலைகளிலும் இருக்கின்றன. அவற்றை உறவற்றவை என்று முடிவுகட்டுவதற்கு முன், மூன்றாவது மலை ஒன்றைத் தேடுவதே இந்த வரலாறு கற்றுத்தரும் ஒழுங்கு.